டிராக்கன்ஃபெல்ஸ் கோபுர இடிபாடு: மூட்டுவலி உள்ளவரை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி:
அடுத்த மாதம் என் பெற்றோர் ஜெர்மனியின் பான் நகருக்கு வருகிறார்கள். கோனிக்ஸ்விண்டர் ஊருக்கு மேலே, ரைன் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் டிராக்கன்ஃபெல்ஸ் கோட்டை இடிபாட்டை அவர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி இருக்கிறது. மேலே பாதிக் கோபுரம்தான் மிஞ்சியிருக்கிறது, வழியில் உள்ள டிராக்கன்பர்க் மாளிகையோடு திரும்பிவிடுங்கள் என்கிறார்கள் நண்பர்கள். உச்சிவரை போவது தகுமா?

மறுமொழி 1:
அவசியம் போங்கள். 1883 முதல் ஓடும் பற்சக்கர ரயில் ஏறத்தாழ 289 மீட்டர் உயரம்வரை கொண்டுபோய் விடும். உச்சி 321 மீட்டர். எஞ்சிய ஏற்றத்தில் படிகள் உண்டு என்பதால், அப்பா நின்று நின்று ஏறட்டும். முடியாவிட்டால் நிலையத்தருகே உள்ள மேடையிலிருந்தே ஆற்றின் வளைவு நன்றாகத் தெரியும். மாளிகை அழகானதுதான், ஆனால் அது 1880களில் எழுந்த கட்டடம். கோபுரமோ 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

மறுமொழி 2:
கோபுரம் ஏன் பாதியாக நிற்கிறது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். முப்பதாண்டுப் போரின்போது 1634இல் கோட்டை இடிக்கப்பட்டது. அதன் பிறகும், அது நின்ற பாறையையே கல்லுக்காக வெட்டிக்கொண்டிருந்தார்கள். மலையே சரியத் தொடங்கி, கோட்டையின் சில பகுதிகள் விழுந்தன. 1836இல், அப்போது இப்பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசு கல்குவாரியை விலைக்கு வாங்கி வெட்டுவதை நிறுத்தியிராவிட்டால், இன்று நாம் பார்க்க இந்தச் சுவரும் இருந்திருக்காது. அந்தப் பாறை டிராக்கைட் என்னும் எரிமலைக் கல். சாம்பல் நிறக் கல்லில் விரல் நகம் அளவும் அதைவிடப் பெரிதுமாக சானிடின் என்னும் கனிமத்தின் வெளிறிய படிகங்கள் பதிந்திருக்கும். சாய்வெயில் படும்போது அவை மின்னுவதை நான் வெகுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். 1248இல் தொடங்கிய கொலோன் பேராலயத்தின் இடைக்காலப் பகுதிகளுக்கு இங்கிருந்துதான் கல் போனது. ஆறு அடிவாரத்திலேயே ஓடுவதால் படகில் ஏற்றுவது எளிதாக இருந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கோபுரத்துக்குள் ஏற முடியுமா? கொலோனுக்கும் போவதாக இருக்கிறோம்.

மறுமொழி 2:
உள்ளே ஏற வழியில்லை, அருகிலிருந்து பார்க்கலாம். மலையை முதல் நாளிலும் பேராலயத்தை மறுநாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டால், பேராலயத்தின் பழைய சுவர்களில் அதே படிகங்களை அப்பாவே அடையாளம் கண்டுவிடுவார்.