பிளேஸ்மென்ட் வெள்ளிக்கிழமை முடியுது, ரிஃப்ளெக்ஷன் இன்னும் ஒரு வரிகூட உருப்படியா வரல

இரவுவிளக்கு:
அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் படிக்கிறேன். மெடிக்கல் வார்டுல 10 வாரம் பிளேஸ்மென்ட் (பயிற்சி), வெள்ளிக்கிழமையோட முடியுது. கிப்ஸ் மாடல்ல (ஆறு படியா யோசிச்சு எழுதுற முறை) 1,500 வார்த்தை ரிஃப்ளெக்ஷன், அதாவது வார்டு அனுபவத்தை அலசுற கட்டுரை, தரணும். எழுதுறதெல்லாம் டைரி மாதிரியே இருக்கு. ஃபெயில் பண்ணிட்டா என்ன ஆகும்? ரெண்டு நாளா தூக்கமே இல்ல. யாராவது வழி சொல்லுங்க.

கடல்தாண்டி:
ரிஃப்ளெக்ஷனை ஓரமா வை தங்கச்சி. மணிக்கணக்கு முழுசா கையெழுத்தாச்சா? நர்ஸா ரெஜிஸ்டர் ஆக 2,300 மணிநேரம் பிராக்டிஸ் வேணும். தினசரி ஷிஃப்டுக்கு சூப்பர்வைசர் கையெழுத்துப் போடலாம், ஆனா கடைசி மதிப்பீட்டுக்கு பிராக்டிஸ் அசெஸர்தான் (உன்னை மதிப்பிடுற நர்ஸ்) போடணும். வெள்ளிக்கிழமை அவங்க டியூட்டியில இருக்காங்களான்னு ரோட்டாவை இன்னிக்கே பாரு.

தெற்குவானம்:
2,300 பிரிட்டன் கணக்கு. ஆஸ்திரேலியாவுல குறைந்தபட்சம் 800 தான். எந்த நாடுன்னே அந்தப் பொண்ணு சொல்லல, அதுக்குள்ள பயமுறுத்தாதீங்க.

மழைக்காலம்:
முதல் மாசத்தைத் தாண்டினதே பெரிய விஷயம்மா. ஷிஃப்ட் மாறும்போது சொல்ற ஹேண்ட்ஓவர்ல ஒரு பேஷன்டுக்கு ஒரு நிமிஷம்கூட இருக்காது, பாதி சுருக்கெழுத்து. 'ட்வாக்'னா கேத்தட்டரை எடுத்துட்டு தானா சிறுநீர் போகுதான்னு பார்க்கிறதுன்னு புது ஸ்டூடன்டுக்கு யாரும் நின்னு சொல்றதில்ல. இதையெல்லாம் ரிஃப்ளெக்ஷன்ல எழுது, பத்து வாரமும் வரணும்.

வெண்கோட்டு:
அதோட ஸ்டூடன்ட் 'சூப்பர்நியூமரரி'ன்னு (கணக்குக்கு மேல) பேர்தான். ஸ்டாஃப் எண்ணிக்கையில ஸ்டூடன்டைச் சேர்க்கக்கூடாதுன்னு விதியே இருக்கு. ஆனா நர்சிங் அசிஸ்டன்ட் வராத நாள்ல ஒரு 'பே' (வார்டுல சில படுக்கை உள்ள பகுதி) முழுசும் ஸ்டூடன்ட் தலையிலதான் விழுது. மருந்து ரவுண்டுக்குக் கூப்பிட ஆள் இல்ல, படுக்கை மாத்த மட்டும் கூப்பிடுவாங்க. அப்புறம் எதைக் கத்துக்கிட்டேன்னு எழுதச் சொல்றாங்க!

கடல்தாண்டி:
இது எல்லா வார்டுலயும் நடக்குது, கேட்பார் இல்ல.

நாடித்துடிப்பு:
அவங்க கேட்ட கேள்விக்கு வருவோம். பத்து வாரத்தையும் எழுதினால் கண்டிப்பாக டைரிதான் ஆகும். பத்து நிமிட நிகழ்வு ஒன்று போதும், சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது.

உதாரணத்துக்கு, மூச்சு எண்ணுவது. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது வார்டில் பழகிப்போன பழக்கம். 5 மூச்சு என்றால் 20 வரும், நியூஸ்2 அட்டவணையில் (நோயாளி நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்ப்பது) அதற்குப் புள்ளி 0. 6 என்றால் 24, புள்ளி 2. 7 என்றால் 28, புள்ளி 3. ஒரே அளவீட்டில் 3 வந்தாலே அவசரமாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு மூச்சு விட்டுப்போனால் நோயாளியின் நிலையே தாளில் மாறிவிடுகிறது. எண்ணுவது தெரிந்தால் மூச்சின் வேகமும் மாறும். அதனால் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே முழு 60 விநாடி மார்பைப் பார்த்து எண்ண வேண்டும். உங்கள் ரிஃப்ளெக்ஷனுக்கு இந்த அளவு சம்பவம் தாராளம்.

கிப்ஸ் 1988-ல் தந்த ஆறு படிகளுக்கு வார்த்தைகளை இப்படிப் பிரியுங்கள்: நடந்தது 200, உணர்ந்தது 150, நல்லதும் கெட்டதும் 250, ஏன் அப்படி என்ற அலசல் 500, முடிவு 150, அடுத்த திட்டம் 250. மதிப்பெண் பெரும்பாலும் போவது அலசலில்தான். நடந்ததையே 700 வார்த்தைக்கு எழுதிவிட்டு அலசலை நாலு வரியில் முடிப்பவர்கள்தான் அதிகம். அலசலில் வழிகாட்டுதலை மேற்கோள் காட்டுங்கள். 'இனி கவனமாக இருப்பேன்' என்பது திட்டம் ஆகாது. 'அடுத்த பிளேஸ்மென்டின் முதல் வாரம் சூப்பர்வைசர் முன்னால் ஐந்து பேருக்கு முழு நிமிடம் எண்ணிக் காட்டுவேன்' என்பது திட்டம்.

நோயாளி பெயர், படுக்கை எண், வார்டு, ஆஸ்பத்திரி, தேதி எதுவும் வரக்கூடாது. வயதைக்கூட 'எழுபதுகளில்' என்று போடுங்கள். எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடையாளம் தெரிந்தால் அதிலேயே விழுந்துவிடும்.

இரவுவிளக்கு:
ரொம்ப நன்றி அண்ணா. சொல்லாம விட்டுட்டேன், பிரிட்டன், ரெண்டாம் வருஷம். காய்ச்சல்ல ரெண்டு லாங் டே (நீண்ட பகல் ஷிஃப்ட்) போகல, 23 மணிநேரம் குறையுது. அசெஸர் வியாழன் வரைக்கும் நைட். வெள்ளிக்கிழமை அவங்களுக்கு லீவு.

மழைக்காலம்:
பேங்க் ஷிஃப்ட் (ஆஸ்பத்திரியில சம்பளத்துக்கு எடுக்கிற தனி ஷிஃப்ட்) ரெண்டு போட்டு 23-ஐ ஈடுகட்டிடு.

நாடித்துடிப்பு:
அது ஆகாது. சம்பளத்துக்குச் செய்யும் அசிஸ்டன்ட் ஷிஃப்ட் பிளேஸ்மென்ட் கணக்கில் சேராது. இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ரிஃப்ளெக்ஷனைவிட இதுதான் அவசரம். இன்றைக்கே யூனிவர்சிட்டி பிளேஸ்மென்ட் டீமுக்கு மெயில் போடுங்கள்: வராத இரண்டு தேதி, 23 மணிநேரம், எப்போது ஈடுசெய்யலாம் என்ற கேள்வி, இவை மட்டும். அடுத்த பிளேஸ்மென்டில் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று நாளில் திணிக்க முயல வேண்டாம். ப்ரேக் நேரத்தையும் கூட்டிவிட வேண்டாம்.

அசெஸருக்கு, வார்டு மேனேஜர் மூலம் நாளை இரவு 20 நிமிடம் கேளுங்கள். ஹேண்ட்ஓவர் முடிந்த கையோடு வேண்டாம், முதல் மருந்து ரவுண்டுக்குப் பிறகு. அசெஸ்மென்ட் டாக்குமென்டில் உங்கள் பக்கத்தை முன்கூட்டியே நிரப்பி, ஒவ்வொரு ப்ரொஃபிஷியன்ஸிக்கும் (காட்ட வேண்டிய திறன்) சான்று எந்தப் பக்கம் என்று சீட்டு ஒட்டி எடுத்துப் போங்கள். கையெழுத்து விழுந்ததும் அங்கேயே தேதியைச் சரிபாருங்கள்.

இரவுவிளக்கு:
மெயில் போட்டுட்டேன். மேனேஜர் நாளைக்கு இரவு 11 மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.