வெடிமருந்துக் கொம்பு: டிரில் பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டது, அடிமூடியும் உட்காரவில்லை

கொம்புக்காரன் (கேள்வி)
பென்சில்வேனியா ஃபிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் பழைய துப்பாக்கி) ஒன்றுக்குத் துணையாக, 1750-களின் பாணியில் வெடிமருந்து வைத்துக்கொள்ளும் கொம்பு செய்கிறேன். மாட்டுக் கொம்பு, வெளிவளைவில் 14 அங்குலம், உள்ளெலும்பு எடுத்துச் சுத்தம் செய்தது. முதல் கொம்பில் நுனியிலிருந்து துளை போட்டேன், டிரில் பிட் பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடிவாயோ முட்டை வடிவம், வட்டமாகக் கடைந்த மூடி உட்காரவில்லை. இரண்டாவது கொம்பையும் பாழாக்குமுன் கேட்டுவிடுகிறேன்.

பழைய அரம்
உள்ளே வெற்றிடம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் நுனியில் கைவைக்கக் கூடாது. வளையக்கூடிய கம்பியை அடிவாய் வழியாக முட்டும்வரை விடுங்கள். விளிம்பில் கம்பியைக் கிள்ளிப் பிடித்து வெளியே எடுத்து, அதே வளைவோடு கொம்பின் மேல் வைத்தால் முடிவிடம் தெரிந்துவிடும். பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இரண்டு, இரண்டரை அங்குலம் கெட்டிப் பகுதி விட்டு நுனியை அறுங்கள்.

துளை நேராகத்தான் போகும், கொம்பு வளைந்திருக்கிறது. உங்களுக்குத் தப்பியது அங்கேதான். பக்கத்திலிருந்து ஒரு கோடு, மேலிருந்து ஒரு கோடு, இரண்டும் வெற்றிடத்தின் முனையைக் குறிவைக்க வேண்டும். நுனி அதிகம் வளைந்திருந்தால் கொதிநீரில் இளக்கிக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ளலாம். முதலில் 3 மி.மீ. பிட், மெதுவான வேகம். சில மி.மீ.க்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். முடி கருகும் வாடை வந்தால் கொம்பு சூடாகிவிட்டது என்று அர்த்தம். இளகிப் பிட்டைக் கவ்வும், பிட் வழிமாறும். பிறகு 5 மி.மீ.க்கு அகலப்படுத்துங்கள். அடைப்பானுக்கு வயலின் பிருடையே (தந்தியை முறுக்கும் மரமுளை) போதும். பிருடைத் துளை செய்யும் சரிவு ரீமரால் (துளையைக் கூம்பாக அகலப்படுத்தும் கருவி) வாயைத் திருத்தினால் கச்சிதமாக உட்காரும்.

பலகைத்தூள்
அடிவாய்க்கு: விளிம்பை நேராக அறுத்து, அடியிலிருந்து இரண்டு அங்குலத்துக்குச் சுவரை 3 மி.மீ. கனத்துக்கு அரத்தால் இழையுங்கள். கனமான சுவர் இளகாது, அடித்து ஏற்றினால் விரிசல் விடும். அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் கொதிநீரில் பத்து நிமிடம் பிடித்து, கூம்பாகக் கடைந்த மரக்கட்டையைக் கையால் அழுத்தி ஏற்றி, ஆறும்வரை விடுங்கள். வாய் வட்டமாகிவிடும்.

கொம்புக்குப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம் உண்டு. அதனால் மூடியை அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமரம் பிறகு சுருங்கி இடுக்கு விடும், மருந்து ஈரம் வாங்கும். பைன் போதும், உள்ளே போகும் பகுதி முக்கால் அங்குலம், லேசான சரிவு. சுற்றிலும் தேன்மெழுகு பூசி ஏற்றி, விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே 6 முதல் 8 மர ஆணி. துளை போட்ட பிறகே ஆணி. நேராக அடித்தால் கொம்பு பிளக்கும்.

கசிகிறதா என்று பார்க்க, மருந்து போடுமுன் நுனித் துளையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டால் மூடி இறுகிவிட்டது.

கொம்புக்காரன்
வாயை வட்டமாக்காமல் மூடியையே முட்டை வடிவத்தில் செதுக்கினால்?

பலகைத்தூள்
செய்யலாம், அந்தக் காலக் கொம்புகளிலும் உண்டு. வாயைத் தாளில் வரைந்துகொண்டு அதன்படி இழையுங்கள். கடைசல் வேலை மிச்சம், அரத்துக்கு வேலை அதிகம்.

பழைய அரம்
இழைப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. அரத்துக்குப் பிறகு கத்தியின் அலகைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள், சுருள் சுருளாக வரும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மருந்து எவ்வளவு என்று நிழல் தெரிய வேண்டும், அதுதான் அளவு. முகமூடி கட்டாயம், கொம்புத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

எழுத்துப் பொறிப்பு வேண்டுமானால் முதலில் 400 நம்பர் உப்புத்தாள்வரை தேய்த்துவிடுங்கள். சொரசொரப்பு இருந்தால் கோட்டுக்கு வெளியேயும் மை ஏறிக் கறை நிற்கும். கூரான முனையால் கீறி, மை தடவி, உடனே துடையுங்கள். 1755–56-இல் நியூயார்க்கின் ஜார்ஜ் ஏரிப் படைமுகாமில் ஜான் புஷ் என்ற வீரர் பொறித்த கொம்புகளின் படங்களைப் பாருங்கள். எழுத்து அளவும் இடைவெளியும் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை.

கடைசியாக ஒன்று: கொம்பிலிருந்து நேராகத் துப்பாக்கிக் குழலுக்குள் மருந்தைக் கொட்டவே கூடாது. முந்தைய சுடலின் கங்கு உள்ளே மிச்சமிருந்தால் கொம்பு முழுதும் கையிலேயே வெடிக்கும். தனி அளவைக் குப்பியில் ஊற்றி, கொம்பை அடைத்துவிட்டு, பிறகுதான் குழலில்.