கரண்ட் போனால் சோலாரும் சேர்ந்து போகிறது: ஆன்கிரிட் இன்வெர்ட்டரோடு பேட்டரி வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கூரைவெயில்:

வெயில் மண்டையைப் பிளக்கிறது, கூரையில் 5 கிலோவாட் பேனல் சும்மா காய்கிறது, கீழே மின்விசிறி ஓடவில்லை. ஆன்கிரிட் (பேனல் மின்சாரத்தைத் தெரு லைனோடு, அதாவது கிரிட்டோடு, சேர்த்து ஓட்டும் இன்வெர்ட்டர்) வைத்த எல்லோருக்கும் இந்த எரிச்சல் தெரியும். வெளியே லைனில் வேலை செய்பவருக்கு நம் வீட்டிலிருந்து போகும் மின்சாரம் ஷாக் அடித்துவிடக் கூடாது, அதனால் கிரிட் போனதும் இன்வெர்ட்டர் நின்றாக வேண்டும். ஐஇஇஇ 1547 தரம் அதற்கு 2 நொடிதான் தருகிறது. சரி, நியாயம்தான். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இருக்கிற இன்வெர்ட்டரைத் தூக்கிப் போடாமல் பேட்டரி சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா? வீட்டில் ஏற்கனவே லெட் ஆசிட் பேட்டரியோடு ஒரு சாதாரண யுபிஎஸ் இருக்கிறது, அதன் அவுட்புட்டைக் காட்டி ஆன்கிரிட்டை ஏமாற்றி ஓட வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நம்பலாமா?

மின்மினி2:

தயவுசெய்து வேண்டாம். பக்கத்து வீட்டில் இதைச் செய்தபோது நான் கூடவே நின்றிருந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த யுபிஎஸ் தருவது சுத்தமான சைன் அலை இல்லை என்பதால், ஆன்கிரிட் 'கிரிட் ஃபால்ட்' என்று காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தது. விட்டிருந்தால் பிழைத்திருக்கும். சைன் வேவ் யுபிஎஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள், கொஞ்ச நேரம் காத்திருந்து ரிலே 'டக்' என்று விழுந்தது, எல்லோருக்கும் சிரிப்பு. ஃபிரிட்ஜ் நின்ற மறுகணம் யுபிஎஸ்ஸிலிருந்து கருகிய வாசனை. வீடு இழுக்காத மின்சாரம் எங்காவது போக வேண்டுமே, அது யுபிஎஸ்ஸுக்குள் பின்பக்கமாக நுழைந்துவிட்டது. திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும்படி அந்தப் பெட்டியைச் செய்யவே இல்லை.

பேட்டரியை நேராக ஆன்கிரிட்டின் பேனல் முனையில் கொடுக்கலாமா என்றும் அடுத்து யாராவது கேட்பீர்கள். பேனல் வரிசை முந்நூறு நானூறு வோல்ட், பேட்டரி 48. அது போக, பேனல் ஓர் அளவுக்கு மேல் ஆம்பியர் தராது, பேட்டரி கேட்டதையெல்லாம் கொட்டும். அதுவும் வேண்டாம்.

வோல்ட்48:

நீங்கள் தேடுவதன் பெயர் ஏசி கப்ளிங். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. பழைய ஆன்கிரிட் அப்படியே இருக்கிறது, அதற்கு முன்னால் இருபக்கமும் மின்சாரத்தைக் கையாளும் பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்று. கரண்ட் போனதும் இது தெருவிலிருந்து வீட்டை முழுசாகத் துண்டித்துவிட்டு, தானே ஒரு குட்டி கிரிட்டை உருவாக்குகிறது. அந்தத் துண்டிப்புதான் உயிர், லைன்மேன் பத்திரமாக இருப்பது அதனால்தான். ஆன்கிரிட் உடனே நம்பாது, சில நிமிடம் (சிலவற்றில் 5 நிமிடம் வரை) பார்த்துவிட்டுத்தான் சேரும். அதுவரை பேட்டரி தாங்கும்.

சிக்கல் வருவது பேட்டரி நிறைந்த பிறகு. கிரிட் இல்லை, வீட்டில் லோடு இல்லை, பேனல் மட்டும் முழு வேகத்தில். அப்போது பேட்டரி இன்வெர்ட்டர் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல 51, 52 என்று ஏற்றும், அதைப் பார்த்து ஆன்கிரிட் தன் உற்பத்தியைக் குறைக்கும் அல்லது கழன்றுகொள்ளும். பழைய ஆன்கிரிட் சிலவற்றுக்குப் படிப்படியாகக் குறைக்கத் தெரியாது, நிற்கும், திரும்ப வரும், திரும்ப நிற்கும். எங்கள் வீட்டில் நீண்ட மின்தடை நாளில் மைக்ரோவேவ் கடிகாரம் முன்னால் ஓடிவிடும், அது ஹெர்ட்ஸை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. கம்ப்யூட்டருக்கு வைத்த சின்ன யுபிஎஸ்ஸோ அந்த 52ஐ ஏற்காமல் 'டிக் டிக்' என்று தன் பேட்டரிக்கு மாறிக்கொண்டே இருக்கும். இதை விற்பவர் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அளவும் முக்கியம். பேட்டரி இன்வெர்ட்டரின் திறன், அதன் அவுட்புட்டில் சேரும் ஆன்கிரிட்டின் திறனை விடக் குறையக் கூடாது. இன்வெர்ட்டர் செய்யும் விக்ட்ரான் கம்பெனி இதை 'ஃபேக்டர் 1.0 விதி' என்கிறது. உங்கள் 5 கிலோவாட்டுக்கு 5 கேவிஏ. பேட்டரியும் லித்தியம் என்றால் ஒன்றரை கிலோவாட் பேனலுக்கு ஏறக்குறைய 4.8 கிலோவாட்-ஹவர் சொல்கிறார்கள். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று 5.12, கணக்குப் போட்டுப் பாருங்கள், நிறைய வரும். முழு லோடும் ஒரே நொடியில் அணைந்தால் மொத்தப் பேனலும் பேட்டரிக்குள்தான் பாயும், அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

இரவில் பேட்டரியைத் துடைத்துக் காலி பண்ணாதீர்கள். விடியற்காலை கரண்ட் போய், பேட்டரியும் செத்திருந்தால், மதியம் எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆன்கிரிட் எழுந்திருக்காது. குட்டி கிரிட்டை உருவாக்க ஆள் இல்லையே.

நெய்விளக்கு:

நான் பழையதை விற்றுவிட்டு, பேனலையும் பேட்டரியையும் சேர்த்தே கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாறினேன். ஒரே பெட்டி, சுவரில் இடம் மிச்சம். ஆனால் வேலைக்கு வந்தவர்கள் சிடி கிளாம்ப்பை (மெயின் வயரில் மின்சாரம் எந்தப் பக்கம், எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் கவ்வி) தலைகீழாக மாட்டிவிட்டுப் போனார்கள். என்ன ஆகும் தெரியுமா, மதியம் மிச்ச மின்சாரம் வெளியே போகும்போது பேட்டரியும் தன்னிடமிருப்பதைச் சேர்த்து வெளியே தள்ளும், ராத்திரி வீடு கிரிட்டிலிருந்து இழுக்கும்போது அதுவும் கிரிட்டிலிருந்து சார்ஜ் ஏற்றும். எல்லாமே நேரெதிர். இன்வெர்ட்டர் கெட்டுப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். கடைசியில் வேறொரு எலக்ட்ரீஷியன் போர்டு மூடியைத் திறந்து, கிளாம்ப்பில் அச்சடித்திருந்த அம்புக்குறியைப் பார்த்துத் திருப்பிப் போட்டார், அவ்வளவுதான்.

இன்னொன்று, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் திரையில் காட்டும் சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள். நடுவில் பெரும்பகுதி செல் வோல்டேஜ் 3.2, 3.3 என்று அசையாமல் நிற்கும், வோல்டேஜை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவே முடியாது. பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் கண்காணிப்பு சர்க்யூட்) உள்ளே போனது வெளியே வந்தது என்று கணக்கு வைக்கும், அந்தக் கணக்கு மெதுவாகத் தப்பும். மேகமூட்டமான வாரங்களில் ஒருநாளும் 100 தொடாமல் ஓடினால், 40 காட்டிக்கொண்டே திடீரென்று அணையும். அவ்வப்போது முழுசாக ஏற விட்டால் சரியாகிவிடும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் கம்யூனிகேஷன் கேபிள் இல்லாமல் மாட்டித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

குறுக்கே ஒரு வார்த்தை. ஏற்றுமதி யூனிட்டை இறக்குமதியில் ஒன்றுக்கு ஒன்று கழிக்கும் நெட் மீட்டரிங் இருந்தால், பில்லுக்காகப் பேட்டரி வாங்குவது வீண். மின்தடை தொல்லை இருந்தால் மட்டும் வாங்குங்கள். வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு அற்பமாகக் கிடைக்கிறது, அல்லது அனுப்பவே கூடாது என்றால் கதை வேறு.

டெஸ்டர்:

யாரும் எர்த் பற்றிப் பேசவில்லையே. பேக்கப்பில் ஓடும்போது சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரிந்தால் நியூட்ரல் மிதக்கிறது, அதாவது எர்த்தோடு இணையாமல் நிற்கிறது என்று சந்தேகப்படலாம். அப்படி மிதந்தால் எர்த்தில் லீக் ஆனாலும் ஆர்சிசிபி (லீக் ஆனால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழாது. கிரிட்டைத் துண்டித்ததும் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் ரிலே பல இன்வெர்ட்டர்களில் உண்டு, செட்டிங்கில் அணைத்து வைத்திருப்பார்கள். அதற்காக ஒரு வயரை எடுத்து நிரந்தரமாக இணைத்துவிடாதீர்கள், கரண்ட் வந்ததும் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழ ஆரம்பிக்கும்.

கூரைவெயில்:

எல்லோருக்கும் நன்றி, யுபிஎஸ் யோசனையை விட்டுவிட்டேன். ஏசி கப்ளிங் பக்கம்தான் சாய்கிறேன். தண்ணீர் மோட்டாரையும் பேக்கப் லைனில் சேர்க்கலாமா?

வோல்ட்48:

வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது ஓடும் ஆம்பியரைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும், மொத்த வீடும் இருட்டாகும். தொட்டியை கரண்ட் இருக்கும்போதே நிரப்பி வையுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் மூன்று ஃபேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போட்டு, மெதுவாகக் கிளப்புங்கள்.