நெகிழ்காப்பா, பேர்காப்பா? ஹைன்ரிட்சி பதிவுக்கு ஒரு கலைச்சொல்

குழுமத்தார்க்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்த் தொகுதி அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டும். செருமானியத் தளபதி கோட்ஹார்ட் ஹைன்ரிட்சி பற்றிய பதிவு மட்டும் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. 1942 சனவரியில் மாஸ்கோ முனையில் நான்காம் படைக்குத் தலைமையேற்றதிலிருந்து, 1943 இலையுதிர் காலத்தில் ஓர்ஷாவைக் காத்தது, 1945 மார்ச் 20 அன்று நாஜித் தலைவர் ஹிம்லருக்குப் பதிலாக விஸ்துலா படைத்தொகுதியை ஏற்றது வரை, அவர் பெயர் தற்காப்புப் போரோடுதான் சேர்த்துப் பேசப்படுகிறது. எதிரியின் பீரங்கிகள் முழங்கவிருக்கும் வேளையைக் கணித்து, முதல் வரிசைப் பதுங்குகுழிகளில் இருப்பவர்களை முந்தைய இரவே பின்னுக்கு எடுத்து, குண்டுகள் வெறுங்குழியில் விழுந்து ஓய்ந்தபின் இரண்டாம் வரிசையில் நின்று எதிர்ப்பது அவர் கையாண்ட முறை. இதை ஆங்கிலத்தில் elastic defence என்பர்; மொழிபெயர்ப்பில் ‘மீட்சித் தற்காப்பு’ என்றிருக்கிறது. படிப்பவர் யாரையோ மீட்டார்கள் என்று எண்ணுவார். ‘நெகிழ்காப்பு’ எனலாமா?

மறுமொழி

ஐயா, நெகிழ்காப்பு வினைத்தொகையாதலின் ஒற்று மிகாமல் எழுதியது சரி. ஆனால் அகப்பாடல்களில் நெகிழ்வது தலைவியின் வளை. அந்தச் சொல்லைப் படைக்கு ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்று போர்க்கிடா பின்வாங்குவதைச் சொல்லும் குறள் இருக்க, வேறெங்கும் தேடுவானேன்? பேர்தல் என்பது இருந்த இடம் விட்டு நீங்குதல். ‘பேரா இயற்கை’ என்பதன் எதிர்மறையிலும் அப்பொருளே நிற்கிறது. ஆகவே ‘பேர்காப்பு’. நொச்சியையும் எண்ணிப் பார்த்தேன், மதிலை விட்டு அகலாதவனுக்கு உரிய பூவை, ஐன்ரிட்சி போல் (கிரந்தம் எதற்கு?) இரவோடு இரவாக விலகியவனுக்குச் சூட்ட முடியாது.

மறுமொழி

புலவர் ஐயாவுக்கு வணக்கம். பள்ளியில் வரலாறு நடத்துபவள் என்ற முறையில் சொல்கிறேன்: பேர்காப்பு என்றால் என் மாணவர்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்வது என்றே படிப்பார்கள். போருக்குப் பின் பல செருமானியத் தளபதிகள் செய்தது அதுதான் என்பதால் அந்தப் பொருளும் பொருந்தும், அது வேறு. குறளின் ஆட்டுக்கிடா பின்வாங்குவது பாய்வதற்காக. 1945 ஏப்ரல் 16 அன்று பெர்லினுக்குக் கிழக்கே சீலோ மேட்டில் சோவியத் தளபதி சுகோவின் குண்டுமழை ஆளில்லாத குழிகளில் விழுந்தபோது, ஹைன்ரிட்சியிடம் எதிர்த்துப் பாயப் போதிய சேமப்படை இல்லை; ஓடர் ஆற்றுச் சமவெளியை நீர் விட்டுச் சேறாக்கி, எதிரியைத் தாமதப்படுத்த மட்டுமே முடிந்தது. 19ஆம் நாள் மேடும் வீழ்ந்தது. மேலும், பதிவு முழுவதும் அவர் திறமையாகவே இருக்கிறது. தம் சாளரத்திலிருந்து நூறு மீட்டருக்குள் கெரில்லாக்களைத் தூக்கிலிட வேண்டாம் என்று தம் படையின் மொழிபெயர்ப்பாளரிடம் கூறியதை, 1941 நவம்பரில் அவரே எழுதிவைத்திருக்கிறார். தூக்கிலிடவே வேண்டாம் என்று அவர் கூறவில்லை. அதையும் சேர்த்துவிட்டுச் சொல்லைத் தேடுங்கள்.

மறுமொழி

நீங்கள் இரண்டு பொருளை ஒரு சொல்லில் அடைக்கப் பார்க்கிறீர்கள். முன்வரிசையில் சிலரை மட்டும் நிறுத்தி, ஆழத்தில் பலரை வைத்து, உள்ளே வந்தவனை எதிர்த்தாக்குதலால் வெளியேற்றும் முறையைச் செருமானியர் 1917இலேயே மேற்கு முனையில் வகுத்துவிட்டனர்; புலவர் ஐயாவின் கிடா அங்குதான் பொருந்தும். குண்டுவீச்சுக்குச் சற்று முன் வரிசையைக் காலி செய்வது அதன் ஒரு கூறு. எங்கள் யாழ்ப்பாணத்தில், போரின் முன்வரிசையைக் குறிக்கும் முன்னரங்கு என்ற சொல்லைச் சிறுபிள்ளையும் அறியும். பெரிய முறைக்கு நெகிழ்காப்பு, ஹைன்ரிட்சி கையாண்ட கூறுக்கு ‘முன்னரங்கு விலகல்’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

மறுமொழி

நன்றி. இரண்டையும் ஏற்கிறேன், மூவர் தனிமடலில் இசைவு தெரிவித்துள்ளனர், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று கொள்கிறேன். அம்மா சுட்டிய 1941 செய்தி பதிவின் இரண்டாம் பத்தியில் சேர்க்கப்பட்டது. 1945 ஏப்ரல் இறுதியில் செருமானியப் படைத்தலைமையகத் தலைவர் கைட்டல் ஹைன்ரிட்சியைப் பதவி நீக்கியதை மட்டும் ‘விலகல்’ என்று எழுதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி

அந்தக் குழப்பம் பேர்காப்பில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லடைவில் அடைப்புக்குறிக்குள்ளாவது அதற்கு இடம் தர வேண்டும். ஹகரம் குறித்த என் கேள்விக்கும் எவரும் விடை தரவில்லை.