கேப்டன் மார்வெலான கேரல் டான்வர்ஸ், தான் ஒருவரை அடைத்து விசாரித்ததைப் பற்றிப் பேசும் இதழ் எது?
மார்வெல் காமிக்ஸ் படிப்பவர்களே, ஓர் இதழ் எண் வேண்டும்.

1981இல், தொட்டாலே பிறர் சக்தியை உறிஞ்சும் ரோக் என்ற பெண் தொட்டதும் கேரலின் சக்தியோடு நினைவும் போனது. எக்ஸ்மென் குழுத் தலைவர் பேராசிரியர் எக்ஸ் நினைவுகளை மீட்டுத் தந்தார், உணர்வு திரும்பவில்லை. பெற்றோரைத் தெரியும், பாசம் வராது. 2013இல், 'எனிமி விதின்' கதையில், மறுபடி மறதி. அதே கேரல் 2016இல், 'சிவில் வார் 2' கதையில், யுலிசிஸ் என்ற இளைஞன் கண்ட எதிர்காலக் காட்சியை நம்பி, அலிசன் கிரீன் என்ற பெண்ணைச் சதிகாரர் என்று பிடித்து அடைத்து விசாரிக்கிறார். ஆதாரம் ஒன்றும் சிக்கவில்லை. அப்புறமும் விட மனமில்லை! ரசிகர்கள் கொதித்தது நியாயம்தான்.

அவெஞ்சர்ஸ் ஆண்டு மலர் 10, அன்கேனி எக்ஸ்மென் 158, 164, 'எனிமி விதின்' எல்லாம் புரட்டியாச்சு. விக்கிப் பக்கங்களும் கைகொடுக்கவில்லை.

தன் மனதையே பறிகொடுத்தவர், பிறரை இப்படி விசாரித்ததை நினைத்துப் பார்க்கும் இதழ் ஏதாவது உண்டா?