வெயில் காலத்துக்கு ரேயான் எடுத்துத் தைக்கலாமா? எதைப் பார்த்து வாங்கணும்?

பருத்திப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் பருத்தியில மட்டும்தான் தைச்சிருக்கேன். இந்தக் கோடைக்குத் தொளதொளன்னு ஒரு மேல்சட்டையும் கணுக்கால் வரைக்கும் ஒரு ஃப்ளேர் பாவாடையும் தைக்க ஆசை. பருத்தியில பாவாடை தைச்சா கூடாரம் மாதிரி விரிஞ்சு நிக்குது. ரேயான்னா அழகா விழும்னு சொல்றாங்க. ஆனா தேட ஆரம்பிச்சா ரேயான், விஸ்கோஸ், சாலிஸ், கிரேப், மோடல், லயோசெல், மூங்கில் துணின்னு பேரு வந்துக்கிட்டே இருக்கு. ஒருத்தர் குளுகுளுன்னு இருக்கும்கிறார், இன்னொருத்தர் பாலியஸ்டர் மாதிரி அதுவும் செயற்கைத் துணிதானே, வேர்த்துக் கொட்டும்கிறார். கையில துணியைப் பிடிச்சா எதைப் பார்க்கணும்? எவ்வளவு கூடுதலா எடுக்கணும்? என்கிட்ட இருக்கிறது சாதாரண வீட்டு மிஷின், ஓரம் பிரியாம அடிக்கிற ஓவர்லாக் மிஷின் கிடையாது.

கத்தரிக்கோல்:
ரேயான் வேண்டாங்க. துவைச்சா சுருங்கும், ஓரம் பிரியும், நாளாக நாளாகப் பஞ்சு எழும்பும். வெயிலுக்கு மல்மல் பருத்தியை மிஞ்ச எதுவும் இல்ல.

ஊசிமுனை:
மல்மல் அருமையான துணி, மறுக்கல. ஆனா ரொம்ப மெல்லிசு, பாவாடைக்கு உள்ள லைனிங் கொடுத்தே ஆகணும், அப்புறம் எங்க காத்தோட்டம்? இந்தப் பொண்ணு கேக்கிறது விழுற துணி. அதுக்கு ரேயான்தான் சரி.

முதல்ல அந்தப் பாலியஸ்டர் பயத்தை விடுங்க. ரேயான் மரக்கூழ்ல இருந்து வருது. கூழை ரசாயனத்துல கரைச்சு, பொடித் துளை வழியா அமிலக் குளியலுக்குள்ள பீய்ச்சினா இழையா உறையும். விஸ்கோஸ்னு சொல்ற இந்த முறைக்கு இங்கிலாந்துல 1892லயே காப்புரிமை வாங்கிட்டாங்க. தயாரிப்பு முழுக்கத் தொழிற்சாலை வேலைதான், அதுல ஓடுற ரசாயனமும் லேசுப்பட்டது இல்ல. ஆனா கடைசியில கிடைக்கிற இழை செல்லுலோஸ், அதாவது செடி மரத்தோட நார்ப்பொருள், பருத்தியிலயும் அதேதான் இருக்கு. சாதாரண அறைக் காத்துல பருத்தி தன் எடையில 7, 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். விஸ்கோஸ் 11ல இருந்து 13 வரைக்கும் இழுக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடக் கிடையாது. வேர்வைக்கு எது ஒத்து வரும்னு இப்பத் தெரியுதா?

ஆனா அந்தத் தண்ணி தாகம்தான் ரேயானோட வில்லங்கமும். நனைஞ்சதும் இழை பருக்கும், துணி சுருங்கும். பலத்துல மூணுல ஒரு பங்கு, சிலதுல பாதிகூடப் போயிடும், காஞ்சதும் திரும்பி வந்துடும். அதனால ரேயானை வறண்ட கையால தடவிப் பார்த்து எடை போடாதீங்க. கடையில எல்லாமே வழுவழுன்னுதான் இருக்கும்.

பேருங்களைச் சீக்கிரம் முடிச்சிடறேன். ரேயான்னும் விஸ்கோஸ்னும் பொதுவா ஒண்ணையேதான் சொல்றாங்க. சாலிஸ்ங்கறது சாதா நெசவுல வர்ற லேசான ரேயான், உங்க ரெண்டு உடுப்புக்கும் அதுவே போதும். கிரேப் முறுக்கேத்தின நூல், தண்ணி பட்டா ரொம்பவே உள்ள போகும், முதல் தடவைக்கு வேண்டாம். மோடலும் மரக்கூழ் இழைதான், பெரும்பாலும் பனியன் துணியா வரும், அது வேற வேலை. லயோசெல்லும் மரக்கூழ்ல வர்றதுதான், ஆனா நனைஞ்சாலும் நல்லாத் தாங்கும், சுருக்கமும் குறைவு. கை நடுங்குறவங்க அதுல இருந்து தொடங்கலாம், விலைதான் கூட. மூங்கில் துணின்னு மெத்துமெத்துன்னு விக்கிறது அநேகமா மூங்கில் கூழ்ல செஞ்ச விஸ்கோஸ்தான். அதை வெறும் மூங்கில்னு வித்ததுக்காக அமெரிக்காவுல வியாபாரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009ல சில விற்பனையாளர்கள் மேல நடவடிக்கையே எடுத்துச்சு. அந்தப் பேருக்காகக் கூடுதலா ஒரு காசு கொடுக்காதீங்க.

கையில பிடிச்சதும் வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பாருங்க. நெசவு சீரா இருக்கணும். ரெண்டு கட்டைவிரலாலயும் துணியை எதிரெதிர்ப் பக்கமா லேசாத் தள்ளுங்க. நூல் விலகி அப்படியே சன்னல் திறந்து நின்னா அந்தத் துணி அக்குள் தையல்ல பிச்சுக்கும், வெச்சிடுங்க. சட்டைக்கு 100ல இருந்து 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு), பாவாடைக்கு 130, 140. அதுக்கும் கீழ போனா உள்ள இருக்கிறது தெரியும். கோடோ கட்டமோ போட்ட பிரிண்ட்டா இருந்தா, குறுக்கே போற கோடு கரைக்கு, அதாவது துணியோட நெய்த ஓரத்துக்கு, செங்குத்தா ஓடுதான்னு பாருங்க. ரேயான் லேசுல நெளியிற துணி. கோணலா அச்சாயிருந்தா நேர் இழையில வெட்டினாலும் கோடு சாஞ்சே நிக்கும், எந்தத் தையல்காரராலயும் அதை நிமித்த முடியாது.

முடிஞ்சா முதல்ல ஒரு துண்டு மட்டும் வாங்குங்க. அதுல பேனாவால 10 சென்டிமீட்டர் சதுரம் வரைஞ்சு, பின்னாடி எப்படித் துவைப்பீங்களோ அப்படியே துவைச்சு, காய வெச்சு, இஸ்திரி போட்டு அளங்க. 9.5 வந்தா 5 சதவீதம். 9க்கு வந்தா வேற துணி தேடுங்க. இன்னொண்ணு, ஓரத்துல ஒரு நூலை உருவி, நடுவுல மட்டும் நனைச்சு ரெண்டு பக்கமும் இழுங்க. நனைஞ்ச இடத்துலயே பொசுக்குன்னு அறுந்தா ரேயான். பருத்தி நூல் அங்க அறாது. தீயில காட்டிப் பார்த்தா பருத்தி, ரேயான் ரெண்டும் காகிதம் எரியிற மாதிரிதான் எரிஞ்சு மெல்லிய சாம்பலாகும், பிரிச்சுச் சொல்ல முடியாது. உருகி மணி கட்டினா உள்ள பாலியஸ்டர் கலந்திருக்கு.

கூடுதல் எவ்வளவுன்னு கேட்டீங்களே, கணக்குல வர்றதோட பத்துல ஒரு பங்கு சேர்த்து எடுங்க. பாவாடையைக் கிராஸ்ல, அதாவது நெசவுக்குக் குறுக்குச் சாய்வா, வெட்டப் போறீங்கன்னா, பன்னா (துணியோட அகலம்) எத்தனை இஞ்சுன்னு பார்த்துட்டுக் கணக்குப் போடுங்க. 44க்கும் 58க்கும் மீட்டர் கணக்கே மாறிடும்.

பருத்திப்பொண்ணு:
ரொம்ப நன்றி ஊசிமுனை! துண்டு வாங்கி நூலை நனைச்சு இழுத்தேன், நனைச்ச இடத்துலயே அறுந்துச்சு. சதுரம் நீளவாக்குல 9.4, அகலத்துல அசையவே இல்ல. அதனால முழுத் துணியும் வாங்கித் துவைச்சுட்டேன். இப்ப மேசையில போட்டா வழுக்கிக்கிட்டே போகுது. எப்படி வெட்டுறது?

பாபின்கேஸ்:
இஸ்திரி போடும்போதே கஞ்சி ஸ்ப்ரே அடிச்சு விறைப்பாக்குங்க, அடுத்த துவையல்ல போயிடும். துணியில ஒரு நுனிகூட மேசையை விட்டுத் தொங்கக் கூடாது, தொங்குற எடையே மிச்சத்தை இழுத்துடும். இடம் பத்தலைன்னா தரையில போடுங்க. மடிச்சு வெட்டாம ஒத்தை மடியா விரிச்சு, குண்டூசிக்குப் பதிலா மேல ஏதாவது கனம் வெச்சு வெட்டினா அளவு பிசகாது. ஊசி புதுசா 11 நம்பர் போடுங்க, பழைய 14 ஓட்டை போட்டுடும். கழுத்தை வெட்டின உடனே, வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்டிடுங்க, இல்லன்னா அது வாய் பிளந்துடும். ஓவர்லாக் இல்லன்னா பிரெஞ்சு தையல். நல்ல பக்கம் வெளிய தெரியிற மாதிரி ஒரு தடவை, பிசிறை வெட்டித் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. லேசான துணிங்கறதால தடிக்காது.

கத்தரிக்கோல்:
பஞ்சு எழும்புறதுக்கு யாரும் பதில் சொல்லலையே?

ஊசிமுனை:
அது உண்மைதான். உரசுற இடத்துல எழும்பும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணியில, ஜீன்ஸோட சேர்க்காம துவைச்சா குறையும், நிக்காது. பிழியறதை அறவே விடுங்க, ஈரத்துல அதுக்குப் பலமே கிடையாது. துண்டுல சுத்தி அமுக்கித் தண்ணியை எடுத்துட்டு நிழல்ல போடுங்க. இஸ்திரி மிதமான சூட்டுல உள்பக்கமா. மேல போட்டா பளபளன்னு தடம் விழும்.

பருத்திப்பொண்ணு, பாவாடையை இடுப்புப்பட்டி வரைக்கும் தைச்சுட்டு ஒரு முழு நாள் தொங்க விடுங்க. கிராஸ் வர்ற இடம் இறங்கும். அப்புறம் தரையில இருந்து அளந்து ஓரத்தைச் சமமா வெட்டி, மெல்லிசா மடிச்சு அடிங்க.

பருத்திப்பொண்ணு:
சரிங்க. பக்கவாட்டுல பாக்கெட் வைக்கலாமா?

ஊசிமுனை:
வைக்கலாம். பாக்கெட் பையை மட்டும் மெல்லிய பருத்தியில வெட்டி, மேல் நுனியை இடுப்புப்பட்டித் தையலோட சேர்த்துப் பிடிச்சுடுங்க, அப்பத்தான் எடை பக்கத் தையலை இழுக்காது. கைக்குட்டை, சாவி தாங்கும். போனுக்கு வேற வழி பாருங்க.