ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்கணுமா, அப்படியே விடலாமா?

தோவாளைக்காரன்:
வீட்டு டெஸ்க்டாப்பை நான் அணைப்பதே இல்லை. விடியுமுன் பூச்சந்தைக்குக் கிளம்பும்போது கணக்கைப் பார்க்கணும். மவுஸை அசைத்தால் விட்ட இடம் அப்படியே வந்து நிற்கும். நேற்று வந்த மைத்துனர், இப்படிப் போட்டால் ஆயுசு குறையும் என்று ஒரே சண்டை. தினமும் அணைத்து அணைத்துப் போட்டால்தான் சூடாகி ஆறி எல்லாம் கெட்டுப்போகும் என்பது என் கட்சி.

குளச்சல் கரை:
அண்ணே, அது தட்டு சுற்றும் ஹார்ட் டிஸ்க் காலத்துப் பேச்சு. இப்போது அதற்குப் பதில் வரும் எஸ்எஸ்டி வெறும் சிப்தான், சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. தினம் ஒருமுறை அணைத்துப் போட்டாலும் பத்து வருஷத்துக்கு 3,650 தடவைதான். எனக்கு வேறு பயம். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். போன மாதம் பெட்டியைத் திறந்தேன். திருகாணி எல்லாம் துரு, விசிறியில் பிசுபிசுவென்று தூசி. 24 மணி நேரமும் ஓடவிட்டால் விசிறி 24 மணி நேரமும் உப்புக் காற்றைத்தானே உள்ளே இழுக்கும்?

பத்மநாபபுரம் டீச்சர்:
தம்பி, கரண்டைப் பாருங்கள். சும்மா நிற்கும் டெஸ்க்டாப் 60 வாட் என்று வைத்தாலும், வேலை இல்லாத 16 மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். இரண்டு மாத பில்லில் 57 யூனிட்டுக்கு மேல். இலவசமாக வரும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதுவே தின்றுவிடும்.

தோவாளைக்காரன்:
டீச்சர், இப்போது போய்ப் பார்த்தேன். திரை கருப்பு, விசிறி சத்தம் இல்லை, முன்னால் விளக்கு மட்டும் மினுக்கிறது.

பத்மநாபபுரம் டீச்சர்:
அட, அது ஸ்லீப்! அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? அப்படியென்றால் இரண்டு மூன்று வாட்தான். இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்கூட வராது. விசிறி நிற்பதால் குளச்சல் தம்பியின் உப்புக் காற்றும் போச்சு. ஆனால் ஸ்லீப்பில் திறந்திருப்பதெல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கும். கரண்டு போனால் சேமிக்காத கணக்கு காலி. ஹைபர்னேட் கொடுத்தால் டிஸ்கில் எழுதிவைத்துவிடும்.

மார்த்தாண்டம் மேடு:
மக்கா, நீங்கள் எல்லாரும் பேசாத ஒன்று இருக்கிறது, இடி. போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் விழுந்த இடியில் எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு இரண்டும் போயின. கம்ப்யூட்டர் அன்றைக்கு அணைத்துத்தான் இருந்தது! பிளக் சுவரில் இருந்ததுதான் தப்பு. ஷட் டவுன் கொடுத்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஐந்து வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பவர் பட்டனைக் கவனிப்பதற்காக. சுவர் ஸ்விட்சையும் நம்பாதீர்கள். அது ஒரு கம்பியைத்தான் வெட்டும், மின்னல் மற்றதில் வரும். செம்புக் கம்பி இன்டர்நெட் என்றால் அந்த வழியாகவும் வரும்.

குளச்சல் கரை:
அப்போ அணைப்பதா வேண்டாமா என்ற சண்டையே வீணா?

மார்த்தாண்டம் மேடு:
மழைக்காலத்தில் வீண்தான். மானம் கருத்தால் பிளக்கையும் நெட் வயரையும் பிடுங்கிப் போடு. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்டு இல்லை, ஸ்லீப்பில் விட்டிருந்தாலும் எதற்கு ஆகும்?

தோவாளைக்காரன்:
சரி. வெயில் காலத்தில் ஸ்லீப், ஐப்பசி கார்த்திகையில் சாயங்காலமே கணக்கைச் சேமித்து, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். மைத்துனரிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.